நாவலினின்று திரைக்கு: டைனோசர்களும் அவற்றைப் படைத்தோரும்

ஒரு நாவலைப் படித்து மகிழ்ந்தோர், அது திரைப்படமாக வந்தபின் சென்று பார்த்துவிட்டு, கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். அக்குறையில் நியாயமும் உண்டு, நியாயமின்மையும் உண்டு. வான்மீகியின் கதையைக் கம்பர் தமிழிற் பாடியபோது, இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் சென்றான் என்பதை விடுத்து, பன்னசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுத்துச் சென்றான் என மாற்றினார். தமிழுலகம் அதனை உவந்து ஏற்றது. ஆகவே, மாற்றினார்களா என்று கேட்பதில் மிகுந்த பயனில்லை. எதனை மாற்றினார்கள், அம்மாற்றத்தால் ஒருவர்மீதிருந்த பழி எவர்மீது சென்று விழுந்தது என்று கேட்டாற் சில உண்மைகள் புலனாகும். இக்கேள்விக்கு டைனோசர்க் கதைகள் நல்ல இடமளிக்கின்றன.

நிலத்தடியிற் கல்லாய்க் கிடந்த டைனோசர்களைக் கதைக்குள் எழுப்பியோருள் முன்வரிசையில் வைக்கத்தக்கவர் ஆர்தர் கொனன் டொயில். ஷெர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த அவரே 1912இல் ‘மறைந்த உலகம்’ என்ற நாவலை எழுதினார். தென்னமெரிக்கக் காட்டின் நடுவே செங்குத்தாய் எழுந்த மேட்டுநிலமொன்றிற் பண்டை விலங்குகள் இன்னும் உயிரோடிருக்கின்றன என்று பேராசிரியர் சலஞ்சர் சொல்கிறார், எவரும் நம்பவில்லை. நால்வர் சென்று பார்த்து மீள்கின்றனர். மீண்டவர் சொல்லையும் ஐயுற்ற இலண்டன் அவையின் முன் சலஞ்சர் ஒரு பெட்டியைத் திறக்கிறார். உள்ளிருந்து தோற்சிறகுடைய டெரோடக்டைல் ஒன்று கிளம்பி, மண்டபத்தை வட்டமிட்டுச் சன்னல் வழியாய் வெளியே பறந்துவிடுகிறது. சான்று கைக்கு வந்த கணத்திலேயே கைநழுவிப் போகின்ற அந்த நகைச்சுவையே நாவலின் முடிமணி.

1925இல் ஹரி ஹொய்ற் இந்நாவலைப் படமாக்கினார். வில்லிஸ் ஒப்ரையன் என்னும் கலைஞர் சிறு பொம்மை விலங்குகளை அணுவணுவாய் அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, அவற்றுக்கு உயிரூட்டினார். அப்படத்தில் இலண்டனுக்கு வருவது பறக்கும் பிராணியன்று, மலைபோன்ற புரொன்ரோசோரஸ். அது தெருக்களிற் கட்டிடங்களை நொறுக்கிச் சென்று, பெயர்பெற்ற கோபுரப் பாலம் தன் பாரந் தாங்காது இடிந்து விழ, தேம்ஸ் ஆற்றில் நீந்திப் போகிறது. நாவலிற் பயணஞ் சென்றோர் யாவரும் ஆடவர். படத்தில் அவர்களோடு போலா வைற் என்ற இளம்பெண்ணும் சேர்க்கப்பட்டாள். காரணத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. சன்னலாற் பறந்துபோகும் பிராணியைப் படிப்பவர் மனம் நெடுநேரம் வைத்துச் சுவைக்கும். பார்ப்பவர் கண்ணுக்கோ அது ஒரு நொடியில் முடிந்துவிடும். கண்ணுக்குப் பாரம் வேண்டும், இடிபாடு வேண்டும். டொயிலும் இதனை உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம். படம் முற்றுப்பெறுமுன், 1922இல், நியூயோர்க் நகரின் மந்திரவித்தைக்காரர் கூட்டமொன்றில் ஒப்ரையனின் படத்துண்டுகளைத் தாமே காட்டி, எதுவும் விளக்காமல் அவர்களைத் திகைக்க வைத்தார்.

இம்மாற்றங்கள் எளியன. எழுபதாண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியின் பின் வந்த இன்னொரு படத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் அத்துணை எளியன அல்ல. மைக்கல் கிரைற்றன் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ நாவல் 1990இல் வெளியாயிற்று. நூல் அச்சேறி வருமுன்பே படவுரிமை விலைபோயிற்று. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய படம் 1993 யூன் மாதத்தில் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். திரைக்கதையின் முதல் வடிவை எழுதியவர் கிரைற்றனே. அதனை இறுதியாக உருவாக்கியவர் டேவிட் கெப். எனவே நூலாசிரியருக்குத் தெரியாமற் படக்காரர் செய்த அக்கிரமம் என்று இம்மாற்றங்களைச் சொல்லிவிட இயலாது.

கதையின் அடிப்படை இரண்டிலும் ஒன்றே. அம்பர் எனப்படும் மரப்பிசினுள் அகப்பட்டு உறைந்த பண்டை நுளம்புகளின் வயிற்றிலிருந்து டைனோசர்க் குருதியை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.யில் விடுபட்ட இடங்களைத் தவளையின் டி.என்.ஏ.யால் நிரப்பி, அழிந்த விலங்குகளை ஒரு நிறுவனம் மீண்டும் பிறப்பிக்கிறது. கொஸ்தா ரிக்காவுக்கு அப்பாலுள்ள தீவொன்றிற் காட்சிப் பூங்கா அமைக்கிறது. திறப்புவிழாவுக்கு முன் நிபுணர் சிலர் பார்வையிட வருகின்றனர். கணினிகளைப் பொறுப்பேற்றிருந்த நெட்ரி என்பவன் போட்டி நிறுவனத்திடம் பணம்பெற்று, முளையங்களைத் திருடுவதற்காகக் காவலமைப்புக்களை நிறுத்திவிடுகிறான். விலங்குகள் வெளியேறுகின்றன. உயிரியல் விளக்கத்தை நூல் பல பக்கங்களிற் சொல்ல, படமோ டி.என்.ஏ. உருவிலமைந்த ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தின் வாயாற் சில நிமிடங்களிற் சொல்லி முடிக்கிறது. இது படத்தின் திறமைகளுள் ஒன்று.

இனி மனிதரைப் பார்ப்போர் முதலிற் பார்க்கவேண்டியவர் பூங்காவின் அதிபர் ஜோன் ஹமண்ட். நாவலின் ஹமண்ட் சிறுத்த உருவும் பெருத்த பேராசையும் உடைய முதியவர். முதலீட்டாளரிடம் பணந் திரட்டிய காலத்திற் பூனையளவான குள்ள யானையொன்றைக் கூட்டில் வைத்துக் கொண்டுசென்று காட்டியவர். அந்த யானைக்கு எளிதில் தடிமன் பிடிக்கும்; அதன் குணம் யானைக்குணமாக அமையாது, கடித்துப் பாயும் எலிக்குணமாகவே இருந்தது. இவற்றைப் பணம் போட வந்தோரிடம் அவர் சொல்லவில்லை. மருந்து செய்து விற்றால் விலையில் அரசு தலையிடும், களியாட்டத்துக்கோ கேட்ட விலையைக் கொடுப்பர் என்பது அவர் கணக்கு. தீவிற்குத் தம் பேரப்பிள்ளைகளை அழைத்ததும் அன்பினாலன்று; வந்திருக்கும் சட்டத்தரணியின் ஐயத்தைக் குழந்தைகளின் சிரிப்பால் மழுக்கலாம் என்பதற்காகவே.

அவருடைய முடிவை நாவல் அமைத்திருக்கும் விதம் கருதத்தக்கது. அழிவெல்லாம் ஓய்ந்ததென்று எண்ணி ஹமண்ட் தனியே உலாவப் போகிறார். பிழை தம்முடையதன்று, தாம் தெரிந்தெடுத்த பணியாளருடையதே என்று ஒவ்வொருவராய் நினைத்துக் குறைகூறிக்கொள்கிறார். வேறோரிடத்தில் மீண்டும் பூங்கா அமைப்பதாகவும் திட்டமிடுகிறார். அப்போது டைரனோசோரஸின் உறுமல் கேட்கிறது. அஞ்சி ஓடிச் சரிவில் உருண்டு கணுக்கால் சுளுக்கிக் கிடக்கிறார். உண்மையில் எந்த விலங்கும் உறுமவில்லை. கட்டுப்பாட்டறையிற் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் விளையாடிய ஒலிப்பதிவு அது. பொய்விலங்கைப் படைத்தவர் பொய்க்குரலுக்கு அஞ்சி வீழ்கிறார். கோழியளவான புரொகொம்சொக்நேதஸ் என்னும் சிறு பிராணிகள் வந்து மொய்க்க, அவற்றின் நஞ்சில் மயங்கி உயிர்விடுகிறார். பேருருவங்களைக் காட்டிப் பணம் பண்ண நினைத்தவரின் உயிரைப் பண்ணையின் மிகச்சிறிய உருப்படிகள் கொண்டுபோயின.

படத்தின் ஹமண்ட் வேறு மனிதர். வெண்தாடி, வெள்ளுடை, அம்பர்க் கட்டி பதித்த கைத்தடி. டைனோசர்க் குஞ்சு முட்டையை உடைத்து வெளிவரும்போது அருகே நின்று கொஞ்சி வரவேற்கும் பாட்டனார். ‘காந்தி’ படத்தை இயக்கிய ரிச்சர்ட் அற்றன்பரோவே இவ்வேடத்தைத் தாங்கினார். அவருடைய சகோதரர் டேவிட் அற்றன்பரோ விலங்குலகை வானொளியிற் காட்டிப் பெரும்புகழ் பெற்றவர் என்பதும் பார்ப்போர் மனத்தில் ஓரளவு வேலை செய்திருக்கும். பூங்கா சிதைந்த இரவில் அவர் உருகும் ஐஸ்கிரீமை உண்டவாறு, இளமையில் தாம் நடத்திய தெள்ளுப்பூச்சி வித்தையைப் பற்றிப் பேசுகிறார். அக்கூடாரத்தில் தெள்ளுப்பூச்சியே இல்லை, எல்லாம் பொறியமைப்பு. இம்முறை மக்கள் தொட்டுணரத்தக்க மெய்ப்பொருளைக் காட்ட விரும்பினாராம். கேட்போர் மனம் இளகுகிறது. அவர் சாவதில்லை, கைத்தடியின் அம்பரைப் பார்த்தவாறு வானூர்தியில் ஏறிப் போய்விடுகிறார்.

காட்சியளவில் இது அழகான படைப்பு. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. செலவு பாராது செய்தேன் என்று அடிக்கடி பெருமை பேசியவர், பூங்கா முழுவதையும் சம்பளத்தில் மனக்குறைப்பட்ட ஒரேயொரு கணினிக்காரனிடம் ஒப்படைத்திருந்தார். இறந்தவர்களோ அவருடைய ஊழியர். பாட்டனாரின் முகத்தைப் பார்த்தபின் இக்கணக்கை எவரும் அவரிடம் கேட்பதில்லை. பழி எங்கேயாவது சென்று தங்கவேண்டுமன்றோ? அது சட்டத்தரணி ஜெனாரோவின் தலையில் ஏற்றப்பட்டது.

நாவலில் ஜெனாரோ உரமான உடலும் போதிய துணிவும் உடையவர். வேட்டையாளர் முல்டூனோடு டைரனோசோரஸைத் தேடிப் போகிறார், விருப்பமின்றியேனும் கொடிய விலங்குகளின் கூட்டுக்குள் இறங்குகிறார், உயிரோடு மீள்கிறார். பிள்ளைகளை வண்டியில் விட்டு ஓடியவன் எட் றீஜிஸ் என்ற விளம்பர அதிகாரி. படம் றீஜிஸை நீக்கிவிட்டு, அவனுடைய கோழைத்தனத்தை ஜெனாரோவுக்குச் சூட்டியது. அவர் ஓடி மலசலகூடத்தில் ஒளிய, டைரனோசோரஸ் கூரையைச் சிதைத்து, இருக்கையில் இருந்தவாறே அவரைக் கவ்விச் செல்கிறது. அரங்குகளிற் சிரிப்பொலி எழுந்தது. முதலீட்டாளர் சார்பில், இப்பூங்கா பாதுகாப்பானதா என்று பார்க்க வந்த ஒரே மனிதர் அவர் என்பதை அச்சிரிப்பு மறக்கச் செய்துவிட்டது. முல்டூனும் நாவலிற் பிழைத்தவர், படத்தில் மாண்டார். விலங்குகளை உருவாக்கிய விஞ்ஞானி வூ நாவலில் அவ்விலங்குகளாலேயே கொல்லப்படுகிறார். படத்திலோ அனர்த்தம் தொடங்குமுன் கப்பலேறிப் போய்விடுகிறார். முதலாளியும் பிழைத்தார், விஞ்ஞானியும் பிழைத்தார். எச்சரித்த காவலரும் கணக்குப் பார்க்க வந்த சட்டத்தரணியும் மாண்டனர்.

எல்லா மாற்றங்களும் இத்தகையன என்று சொல்வது நேர்மையாகாது. நாவலில் அலன் கிரான்ற் பிள்ளைகளை விரும்புபவர். அதனால் அவர்களைக் காப்பதில் அவருக்குள் எவ்வித மாறுதலும் நேர்வதில்லை. படம் அவரைப் பிள்ளைகளை வெறுப்பவராக்கி, ஓரிரவில் மெல்ல மெல்ல மனங்கனியச் செய்தது. இது நாவலில் இல்லாத நயம். நாவலின் சிறுமி லெக்ஸ் ஏறக்குறைய ஏழெட்டு வயதினள். பெரும்பாலும் அழுது தொல்லை தருபவள். டைனோசர் அறிவும் கணினி அறிவும் அவளுடைய அண்ணன் ரிமுக்கே உரியன. படம் அவளை அக்காளாக்கி, கணினியை அவளிடம் கொடுத்து, அறிவை இருவருக்கும் பங்கிட்டது. கிரான்றின் மாணவியாயிருந்த எலி சற்லரும் படத்தில் அவருக்கு நிகரான அறிஞராய், இருளில் தனியே சென்று மின்சாரத்தை மீட்பவராய் உயர்கிறார்.

மனிதர் கதை இவ்வாறாக, விலங்குகளின் கதையும் ஏறக்குறைய அதே வழியில் நடந்தது. படத்தாற் பெரும்புகழ் பெற்றது வெலோசிரப்டர். 1924இல் பெயரிடப்பட்ட இவ்விலங்கின் எச்சங்கள் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் எடுக்கப்பட்டன. ஏறக்குறைய 2 மீற்றர் நீளம். அதிற் பெரும்பகுதி வால். நிறை வான்கோழியைச் சற்று விஞ்சும். கிரைற்றன் உண்மையில் வருணித்தது இதனையன்று. ஜோன் ஒஸ்ற்றம் என்ற அறிஞர் 1969இல் விவரித்த டைனோனிக்கஸ் என்னும் அமெரிக்க இனத்தையே. அது 3 மீற்றருக்கு மேல் நீண்டது. 1988இல் கிரெகரி போல் எழுதிய நூலொன்று இவ்விரண்டையும் ஒரே இனத்தொகுதியில் அடக்கியிருந்தது. வெலோசிரப்டர் என்ற பெயரோ கேட்ட மாத்திரத்தில் அச்சமூட்டுவது. கிரைற்றன் ஒஸ்ற்றமிடம் கலந்தாலோசித்த பின்னரும் அப்பெயரையே கொண்டார். படம் அதனை மேலும் பெருக்கி மனிதனின் உயரத்துக்குக் கொணர்ந்தது. ஆக, வான்கோழியளவான பிராணி இரண்டு படிகளில் ஆளுயர அரக்கனாயிற்று, முதற்படி நூலாசிரியருடையது. அத்துணை பெரிய உறவினமொன்று உண்மையாகவே இருந்ததென்பதும், யூற்றாரப்டர் என்று அதற்குப் பெயரிட்டதும் படம் வந்த அதே 1993இல் நிகழ்ந்தன. வெலோசிரப்டரின் முன்கையெலும்பில் இறகு பொருந்திய மேடுகள் கண்டறியப்பட்டது 2007இல். அதனை அறியாததற்காக நூலையோ படத்தையோ குறைகூறுதல் முறையன்று.

டைலோபோசோரஸின் விதி இதற்கு மறுதலை. உண்மை விலங்கு 6 மீற்றருக்கு மேல் நீண்டது. நாவலிலும் அது 10 அடி உயர்ந்து நிற்பது. ஆனால் நஞ்சை உமிழ்வது. நஞ்சுக்கு எலும்பிற் சான்றில்லை. அது கிரைற்றனின் கற்பனை. வெலோசிரப்டரோடு பார்ப்போர் மயங்கக்கூடாதென்று படம் அதனைச் சிறு உருவாய்க் குறுக்கிற்று. அத்தோடு அவுஸ்திரேலியாவின் பல்லியொன்றைப் போல் கழுத்தைச் சுற்றிக் குடைபோல் விரியும் தோலையும் சேர்த்தது. இன்று பிள்ளைகள் இவ்விலங்கை வரைந்தால் அக்குடையின்றி வரைவதில்லை. எலும்பில் இல்லாதது, நூலிலும் இல்லாதது, பிள்ளைகளின் அறிவாய் நிலைத்துவிட்டது.

டைரனோசோரஸுக்கு வந்த மாற்றமே பெரியது. நாவலில் வளர்ந்ததும் இளையதுமாய் இரண்டு உண்டு, படத்தில் ஒன்றே. நாவலில் அது நாவை நீட்டி, அருவிக்குப் பின் ஒளிந்த சிறுவனின் தலையைச் சுற்றிப் பிடிக்கும் அருவருப்பான விலங்கு. படத்தில் அதன் வருகையைக் குவளை நீரில் எழும் வளையங்கள் முன்னறிவிக்கின்றன. எழுத்தில் வராத, திரைக்கே உரிய இவ்வுத்தி நெடுங்காலம் நினைவில் நிற்கும். அசையாது நின்றால் அதற்குக் கண் தெரியாதென்ற செய்தி நாவலிற் கிரான்ற் ஆபத்தின் நடுவே செய்யும் ஊகம்; படத்தில் அது முன்னரே அறிந்த உண்மைபோற் சொல்லப்படுகிறது. கிரைற்றனே 1995இல் எழுதிய இரண்டாம் நாவலில், அதனை நம்பி அசையாது நின்ற ஒரு பேராசிரியரை டைரனோசோரஸுக்கு இரையாக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். முடிவிலோ, நாவலிற் கிரான்ற் முட்டைகளில் நஞ்சேற்றி உருட்டிவிட்டு வெலோசிரப்டர்களை வெல்ல, படத்தில் டைரனோசோரஸ் வந்து அவற்றைக் கொன்று மனிதரைக் காக்கிறது. முன்பு அடிவைத்தாற் குவளை நீர் நடுங்கிய விலங்கு இப்போது ஓசையின்றி மண்டபத்துள் நுழைந்தது எவ்வாறு என்று கேட்டோரும் உண்டு. அவ்விலங்கு ஏறத்தாழ ஒரு காவற்றெய்வமாகிவிட்டபடியால் கேள்வி எடுபடவில்லை.

படத்தில் இடம்பெறாத ஒரு காட்சியே நாவலின் உயிர்நிலை எனலாம். தீவில் எத்தனை விலங்குகள் உள்ளன என்று கணினி இடைவிடாது எண்ணுகிறது. எப்போதும் விடை 238. கணித அறிஞர் மல்கம் வரைபடமொன்றைப் பார்க்கிறார். மூன்று தொகுதிகளாய் விடப்பட்ட சிறு பிராணிகளின் உயரத்தைக் குறித்தால் மூன்று முகடுகள் தோன்றவேண்டும். அங்கே ஒரே சீரான முகடு தெரிகிறது. இயற்கையாய் இனம்பெருகும் கூட்டத்துக்கே அவ்வடிவம் அமையும். 239 விலங்குகளைத் தேடும்படி கணினிக்குச் சொல்லச் செய்கிறார். 239 கிடைக்கின்றன. 300ஐத் தேடச் சொல்ல, 292 என்று விடை வருகிறது. 8 வெலோசிரப்டர்கள் 37 ஆகியிருந்தன. கணினி பிழை செய்யவில்லை. குறையக்கூடும் என்று மட்டுமே அஞ்சியவர்கள், 238 கிடைத்தவுடன் எண்ணுவதை நிறுத்தும்படி அதனை அமைத்திருந்தார்கள். கூடக்கூடும் என்ற நினைவே அவர்களுக்கு வரவில்லை.

படம் இவ்விடத்தில், காட்டினுள் கிரான்ற் கண்டெடுக்கும் உடைந்த முட்டையோட்டை வைத்தது. கண்ணுக்கு இனிய காட்சி. எண்களின் அட்டவணையைத் திரையில் எவர் விரும்புவர்? ஆனால் பொருள் மாறிவிட்டது. முட்டையோடு உயிரின் ஆற்றலை வியக்கச் செய்கிறது. 238 என்ற எண் அதிகாரிகளின் பொறுப்பின்மையைக் காட்டுகிறது. நாவலில் விலங்குகளுக்குக் கணினி நிரல்களைப்போல் பதிப்பு எண்கள் இருந்தன. மக்கள் எதிர்பார்ப்பதற்கேற்ப இன்னும் மெதுவான, அடங்கிய டைனோசர்களைச் செய்வோம் என்று வூ சொல்ல, அவை உண்மையான டைனோசர்கள் ஆகாவே என்று ஹமண்ட் மறுக்கிறார். இப்போது இருப்பனவும் உண்மையானவை அல்லவே என்று வூ விடையிறுக்கிறார். முதற்படம் இவ்வுரையாடலை முற்றாய் விட்டுவிட்டது. பார்ப்போர் உண்மை டைனோசரைக் கண்டதாய் நம்பவேண்டுமென்றால் விடத்தான் வேண்டும். 22 ஆண்டுகள் கழிந்து, 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தில் வூ மீண்டும் தோன்றி, ஏறக்குறைய அதே கருத்தைச் சொல்கிறார்.

விட்டுவைத்தவற்றைப் பின்வந்த படங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாய் எடுத்தாண்டன. கடற்கரையில் சிறுமியைச் சிறு டைனோசர்கள் தாக்கும் நாவலின் தொடக்கப்பகுதி 1997ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கமாயிற்று. அதே படத்தின் இறுதியில் டைரனோசோரஸை நகரத்துக்குள் விட்டது, டொயிலின் கதையிலிருந்து பிறந்த 1925ஆம் ஆண்டுப் படத்தை நினைவூட்டுவது. பறக்கும் ஊர்வனவற்றின் பெருங்கூடு 2001இல் வந்தது. ஆற்றிலே படகில் தப்புவோரை டைரனோசோரஸ் தொடரும் பகுதி 2025ஆம் ஆண்டுப் படம்வரை காத்திருந்தது.

நூலும் படத்துக்கு வளைந்துகொடுத்தது. முதல் நாவலில் மல்கம் காயத்தால் இறந்துபோகிறார். அவருடைய உடலைப் புதைக்க அரசு இன்னும் இசையவில்லை என்றும் இறுதியிற் சொல்லப்படுகிறது. படத்திலோ அவர் பிழைத்து, மக்களின் அன்பையும் பெற்றார். 1995இல் இரண்டாம் நாவலை எழுதவந்த கிரைற்றன், இறப்புச் செய்தி மிகைப்பட்டது என்று ஒரு காரணஞ் சொல்லி அவரை உயிர்ப்பித்துக் கதையின் நடுநாயகமாக வைத்தார். துணிவோடு மீண்ட ஜெனாரோவை வயிற்றளைச்சலால் இறந்தவராக்கி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஹமண்டையும் படம் உயிரோடு விட்டிருந்தது. 1997ஆம் ஆண்டுப் படத்தில் அவர் விலங்குகளின் உரிமைக்காக வாதாடும் முதியவராகவும் தோன்றினார். நாவலில் மட்டும் கிரைற்றன் அவரை எழுப்பவில்லை.